கடல் ஏறி இறங்கும் பாறையில் சிலந்தி குடியிருக்குமா?

அம்மாப்பேட்டை அப்பா

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்குக் கடலோரச் சிலந்திகள் என்ற தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "சிலந்திக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம், வேறு தலைப்பு எடுத்து வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. இணையத்தில் தேடினால் டெசிடே என்று ஒரு குடும்பம், அலை அடிக்கும் இடத்திலேயே வாழ்கிறது என்று வருகிறது. மைத்துனர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்திலோ உடம்பே இல்லாமல் கால் மட்டும் உள்ள ஒரு பூதம் இருக்கிறது. எதை நம்புவது? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் அவள் தலைப்பை மாற்ற வேண்டியிருக்காது.

காப்பித்தோட்டம் (ஏற்காடு)

தலைப்பை மாற்றச் சொன்னவர் பக்கம்தான் நான். எங்கள் தோட்டத்தில் சிலந்திக்குப் பஞ்சமே இல்லை. மிளகுக் கொடிக்கும் சில்வர் ஓக் மரத்துக்கும் நடுவே உள்ளங்கை அகலச் சிலந்தி வலை கட்டியிருக்கும். பழம் பறிக்கப் போகிறவர்கள் குச்சியால் விலக்கிக்கொண்டுதான் நடப்பார்கள். அதே சிலந்தி தண்ணீர்த் தொட்டியில் தவறி விழுந்தால் மறுநாள் காலை மிதக்கும். நல்ல தண்ணீரிலேயே இந்தக் கதி. உப்புத் தண்ணீர், அதிலும் அலை. வலையை எங்கே கட்டும், எதைப் பிடித்துத் தின்னும், மூச்சு எப்படி விடும்? இணையத்தில் எழுதுவதையெல்லாம் நம்பினால் கடலுக்குள் யானைகூட இருக்கும்.

பழைய விலங்கியல் (அஸ்தம்பட்டி)

முதலில் அந்தப் படத்தை ஒதுக்கிவிடலாம். கால் மட்டும் தெரிகிற பிராணி பிக்னோகோனிடா என்ற தனிப் பிரிவு. ஆங்கிலத்தில் கடல் சிலந்தி என்று அழைத்தாலும் உண்மையான சிலந்திகளில் சேராது. அதற்கு நுரையீரல் இல்லை, நூல் நூற்கும் உறுப்பு இல்லை. உடம்பில் இடம் போதாமல் குடலே கால்களுக்குள் நீண்டிருக்கும். கண்ணு, அதை அட்டையில் ஒட்டிவிடாதே. ஒட்டினால் தலைப்பை மறுத்தவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும்.

உன் தலைப்புக்கு உரியது டெசிடே குடும்பத்தில் உள்ள டெசிஸ் என்ற பேரினம். அதில் ஏறக்குறைய 15 இனங்கள். தென்னாப்பிரிக்கா, கிழக்கு ஆப்பிரிக்கா, இந்தியா, சிங்கப்பூர், ஜப்பான், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கலாபகஸ் தீவுகள் என்று பரவியிருக்கின்றன. எல்லாமே கடல் ஏறும்போது மூழ்கி, இறங்கும்போது வெளியே தெரிகிற பட்டையில் வாழ்பவை. கரைக்குப் பக்கத்துப் புதரில் இருந்துகொண்டு எப்போதாவது எட்டிப்பார்க்கிற சிலந்தி என்று நினைக்க வேண்டாம். வீடு, வேட்டை, குஞ்சு வளர்ப்பு எல்லாம் அங்கேயேதான்.

தோட்டக்காரர் கேட்ட வலைக்குப் பதில்: பூச்சி பிடிக்கும் வலையை இது கட்டுவதே இல்லை. நூலைக் கொண்டு வீட்டைத்தான் கட்டுகிறது. பாறை இடுக்கு, பாறையில் ஒட்டி வளரும் கொட்டலசின் (ஆங்கிலத்தில் பார்னக்கிள்) காலி ஓடு, பவளத்தின் பொந்து, புழு விட்டுப்போன குழாய் என்று ஒரு பள்ளத்தைப் பிடித்து, உள்சுவர் முழுக்க நெருக்கமாக இழை பூசி, வாசலையும் இழையால் அடைத்துவிடும். தண்ணீர் ஏறும்போது உள்ளே காற்றோடு உட்கார்ந்திருக்கும். இறங்கியதும், பெரும்பாலும் இரவில், வெளியே வந்து வேட்டையாடும். உணவு? ஈரப் பாறையில் துள்ளித் திரிகிற, இறாலுக்குத் தூரத்து உறவான சிறு ஓட்டுயிரிகள். அவற்றைப் பிடிக்க இதன் முன்தாடைகள் தலைக்கு நேராக முன்னால் நீட்டியிருக்கும். உடம்போடு பார்த்தால் அளவுக்கு மீறிய பெரிய தாடைகள். வலை இல்லாதவனுக்குக் கை நீளமாக இருக்க வேண்டுமே.

நன்றாக ஆராயப்பட்டது நியூசிலாந்தின் டெசிஸ் மரினா. அங்கே மாட்டுத்தோல் தடிமனுக்குப் பெருங்கடற்பாசி வளர்கிறது. அது பாறையைப் பற்றியிருக்கும் அடிப்பகுதியைப் பிற உயிரிகள் குடைந்து வைத்திருக்கும். அந்தக் குடைவுகளில்தான் இதன் கூடு. கடல் கொந்தளித்தால் நாள்கணக்கில் வெளியே தலைகாட்ட முடியாது. 19 நாள் வரை நீருக்கடியிலேயே இருக்க முடியும் என்று பதிவாகியிருக்கிறது.

காப்பித்தோட்டம் (ஏற்காடு)

ஐயா, 19 நாள் என்றதும்தான் சந்தேகம் கூடுகிறது. ஒரு பொந்தில் எவ்வளவு காற்று இருந்துவிடும்? கிணற்றுக்குள் இறங்கியவனுக்குக்கூட மேலிருந்து குழாய் வேண்டும்.

பழைய விலங்கியல் (அஸ்தம்பட்டி)

நல்ல கேள்வி. 1983இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் மெக்வீன், மெக்லே இருவரும் இதைத்தான் கேட்டார்கள். இந்தச் சிலந்தி எப்படி இவ்வளவு நேரம் நீருக்கடியில் இருக்கிறது என்பதே அவர்கள் கட்டுரையின் தலைப்பு.

இதற்குச் செவுள் கிடையாது. தரைச் சிலந்திக்கு உள்ள அதே புத்தக நுரையீரல் (புத்தகத் தாள்கள்போல் மடிப்பு மடிப்பாக அடுக்கிய நுரையீரல்), அதே மூச்சுக்குழல்தான். கடலுக்காக உடம்பில் புதிதாக ஓர் உறுப்பும் முளைக்கவில்லை. செலவைத்தான் குறைத்திருக்கிறது. பொதுவாகவே சிலந்திகள் ஓய்வில் மிகக் குறைந்த ஆக்சிஜனில் ஓட்டுபவை. இது அவற்றிலும் சிக்கனம். கூட்டுக்குள் ஓடியாடாது. வேட்டையாடியாயிற்று, கதவை அடைத்தாயிற்று, இனி அசையாமல் இருப்பதே வேலை. கூட்டை விட்டு வெளியே போனாலும், உடல் முழுதும் உள்ள மயிர்கள் ஒரு மெல்லிய காற்றுப் படலத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

ஒப்பிட வேண்டுமானால் ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் குளங்களில் வாழும் ஆர்கிரோனெட்டாவைப் பாருங்கள். ஏறக்குறைய முழு வாழ்க்கையையும் நீருக்குள்ளேயே கழிக்கிற ஒரே சிலந்தி அதுதான். நீர்ச்செடிகளுக்கு இடையே இழையால் ஒரு மணி கட்டி, மேலிருந்து காற்றுக் குமிழிகளைச் சுமந்துவந்து நிரப்புகிறது. 2011இல் சீமோர், ஹெட்ஸ் இருவரும் அளந்து பார்த்தபோது அந்தக் குமிழியே ஒரு செவுளாக வேலை செய்வது தெரிந்தது. உள்ளே ஆக்சிஜன் குறையக் குறைய, நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குமிழிக்குள் ஊடுருவுகிறது. நைட்ரஜன் மெல்ல வெளியேறிக் குமிழி சுருங்குவதால் நாளுக்கு ஒருமுறை போல மேலே வந்து நிரப்பினால் போதும். கிணற்றில் இறங்கியவருக்கு இந்த வசதி கிடையாது, ஐயா. அவர் சுவாசிப்பது லிட்டர் கணக்கில். சிலந்திக்கு வேண்டியது துளிக் கணக்கில்.

ஓடைப்பக்கம் (முட்டல்)

தொட்டியில் விழுந்து செத்த சிலந்தியை வைத்து எல்லாச் சிலந்திக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது, அண்ணா. நான் படம் எடுக்கிறவன். உங்கள் மலையிலேயே கிளியூர் அருவிக்குக் கீழே, ஓடை தேங்குகிற இடத்தில் மீன்பிடிச் சிலந்தி இருக்கிறது. பின்கால்கள் இரண்டும் கல்லில், முன்கால்கள் தண்ணீரின் மேல் விரித்தபடி உட்கார்ந்திருக்கும். கால் நுனி பட்ட இடத்தில் நீர்ப்பரப்பு சின்னக் குழியாகக் குழிந்திருக்கும், உடையாது. கீழே ஏதாவது நெளிந்தால் அந்த அதிர்வு காலுக்குத் தெரியும்.

கேமராவின் நிழல் மேலே விழுந்ததும் அது ஓடவில்லை. கல்லின் பக்கவாட்டைப் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. சாம்பல் பழுப்பில் இருந்த உடம்பு நீருக்குள் போனதும் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையிலிருந்து வந்த புதுக் கொலுசு மாதிரி மின்னியது. அந்த மினுக்கம் முழுக்கக் காற்று. மயிருக்குள் சிக்கிய காற்று. நான் காத்திருந்து கால் மரத்துப்போய் எழுந்த பிறகுதான் மேலே வந்தது. வந்தபோது உடம்பில் ஒரு சொட்டு ஈரம் ஒட்டவில்லை.

தொட்டிச் சுவர் வழவழப்பு. பிடித்து ஏற ஒன்றுமில்லாமல் களைத்துச் சாகிறது.

பழைய விலங்கியல் (அஸ்தம்பட்டி)

இதையே செயல்முறையாகக் காட்டலாம், கண்ணு. உயிருள்ள சிலந்தியை வதைக்க வேண்டாம். சேப்பங்கிழங்கு இலையை ஒரு கண்ணாடிக் கிண்ணத்து நீரில் அமிழ்த்திப் பார். இலையின் மேற்பரப்பு பளபளக்கும். காரணம் இதேதான்: தண்ணீர் ஒட்டாத நுண் மேடுகளுக்கு நடுவே சிக்கிய காற்று.

மிதக்கிற சிலந்தி செத்தது என்றும் உடனே முடிவுகட்டாதீர்கள், தோட்டக்காரரே. ஐரோப்பிய உப்புச் சதுப்புகளில் வாழும் ஆர்க்டோசா என்ற ஓநாய்ச் சிலந்தியைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் நீரில் மூழ்கவைத்துச் சோதித்தார்கள். தூண்டினாலும் அசையாத நிலைக்குப் போய்விட்டது. செத்ததென்று எடுத்து உலர வைத்தார்கள். சில மணி நேரத்தில் கால்கள் துடித்தன, எழுந்து நடந்தது. 2009இல் அந்த ஆய்வு வெளியானது. அந்தச் சதுப்பு அடிக்கடி வெள்ளத்தில் மூழ்கும் நிலம். ஓட வழியில்லாத போது மயங்கிக் கிடந்து பிழைக்கிறது. டெசிஸ் கதவடைத்துப் பிழைக்கிறது. ஒரே சிக்கலுக்கு இரண்டு வழி.

வகைப்பாட்டுக்காரன்

நடுவில் நுழைகிறேன். "டெசிடே கடலோரத்துக்குத் தகவமைந்த குடும்பம்" என்று அட்டையில் எழுதினால் அது தவறு. டெசிடே குடும்பத்தில் 300க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் காட்டிலும் வீட்டிலும் வாழும் சுத்தமான தரைச் சிலந்திகள். ஆஸ்திரேலிய வீட்டு ஜன்னல் ஓரங்களில் ஒட்டடை கட்டும் கருப்பு வீட்டுச் சிலந்தி பாடும்னா இந்தக் குடும்பம்தான். அது கடலைப் பார்த்ததே இல்லை. டெசிஸ் என்ற ஒரு பேரினத்தைப் பற்றித்தான் இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம்.

பழைய விலங்கியல் (அஸ்தம்பட்டி)

நான் மேலே பேரினம் என்றுதான் எழுதினேன், மறுபடி படித்துப் பாருங்கள். ஆனால் தம்பி சொன்னதை அந்தப் பெண் கட்டாயம் அட்டையில் போட வேண்டும். ஜன்னலில் ஒட்டடை கட்டுகிறவனும் அலைக்கடியில் வீடு கட்டுகிறவனும் ஒரே குடும்பம் என்பதுதான் இதில் சுவையே. நான் நடுவராக இருந்தால் அந்த ஒரு வரிக்கே மதிப்பெண் கொடுப்பேன்.

ரயிலடிக்காரர் (சூரமங்கலம்)

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போகிறோம். கொண்டை ஊசி வளைவில் நெரிசல் எப்படி? குப்பனூர் வழியாகப் போனால் தேவலையா?

நெறியாளர்

பயண இழை தனியாக இருக்கிறது, அங்கே கேளுங்கள். இங்கே சிலந்தி மட்டும்.

மண்டபத்து மருமகள் (சேலம்)

நான் பிறந்தது மண்டபம், வாழ்க்கைப்பட்டது சேலம். வெளிநாட்டுக் கதையாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்களே, எங்கள் ஊரை விட்டுவிட்டீர்களே!

பாம்பனுக்குப் பக்கத்தில் குருசடைத் தீவு இருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த கிரேவ்லி அந்தத் தீவின் கரையோர உயிரினங்களை ஆராய்ந்து 1927இல் அருங்காட்சியக வெளியீடாகக் கொண்டுவந்தார். அதில் டெசிஸ் இனெர்மிஸ் என்ற புதிய இனத்தை விவரித்திருக்கிறார். நம் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து உலகத்துக்கு அறிமுகமான கடலோரச் சிலந்தி அது. லட்சத்தீவுகளிலிருந்து அதற்கும் முன்பே, 1904இல், டெசிஸ் கார்டினெரி என்று ஓர் இனம் விவரிக்கப்பட்டிருக்கிறது. சிலந்திக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவரிடம் இந்த இரண்டு ஆண்டையும் சொல்லச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கம் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் கரை தட்டையாக இருப்பதால் அந்தக் கொஞ்சத்துக்கே பாறையும் பவளக் கல்லும் நீண்ட தூரத்துக்கு வெளியே தெரியும். சின்ன வயதில் சங்கும் சிப்பியும் பொறுக்கப் போவோம். கல்லைப் புரட்டினால் நண்டு, புழு, அட்டை என்று நூறு ஓடும். அதில் எட்டுக்கால் ஒன்று ஓடியிருந்தால் நண்டுக் குஞ்சு என்றுதான் நினைத்திருப்போம். அளவும் அவ்வளவுதான், ஒரு சென்டிமீட்டர் தேறாது.

வகைப்பாட்டுக்காரன்

அக்கா சொன்ன 1904 இனத்தை விவரித்தவர் யார் தெரியுமா? லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த போகாக். டெசிடே என்ற குடும்பத்தையே 1895இல் ஏற்படுத்தியவரும் அவர்தான். அதே போகாக் 1899இல் நம் சேலம் மாவட்டத்துக் காடையாம்பட்டியிலிருந்து ஒரு பெரிய மரச்சிலந்தியை விவரித்தார்: பொயசிலோதெரியா ஃபார்மோசா. உலகெங்கும் சிலந்தி வளர்ப்பவர்கள் அதைச் சேலத்தின் பெயரால்தான் அழைக்கிறார்கள். மரப்பொந்துக்குள் இழை பூசி வாழும் மயிரடர்ந்த சிலந்தி அது. இன்று அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. சேர்வராயன் அடிவாரத்துச் சிலந்தியும் கடலோரச் சிலந்தியும் ஒரே ஆளின் மேசைக்குப் போய்ப் பெயர் வாங்கியிருக்கின்றன. அட்டையில் ஒரு மூலையில் இதையும் போடலாம். உள்ளூர்ச் செய்தி என்றால் நடுவர்கள் நின்று படிப்பார்கள்.

காப்பித்தோட்டம் (ஏற்காடு)

காடையாம்பட்டியா! எங்கள் தோட்டத்தின் வடக்குச் சரிவில் நின்றால் அந்தப் பக்கம்தான் தெரியும். பழைய மரத்தை வெட்டும்போது கை அகலத்தில் புள்ளி போட்ட ஒன்று பொந்திலிருந்து வரும், ஆட்கள் அடித்துவிடுவார்கள். இனிச் சொல்லி வைக்கிறேன்.

ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி. நியூசிலாந்து எங்கே, குருசடை எங்கே? நீந்தத் தெரியாதது, கதவடைத்து உட்கார்வது என்கிறீர்கள். இத்தனை கரைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது?

பழைய விலங்கியல் (அஸ்தம்பட்டி)

வீட்டோடு போகலாமே. கடற்பாசி புயலில் பெயர்ந்து மிதந்தால் அதன் அடியில் கூடு கட்டியவரும் கூடவே பயணம்தான். டெசிஸ் அல்லாத வேறு கடலோரச் சிலந்திகளில் இதற்கு மரபணுச் சான்றே இருக்கிறது. அமரோபியாய்டஸ் என்று ஒன்று. அலைத் திவலை படும் பாறைகளில் கூடு கட்டுவது. சிலி, தென்னாப்பிரிக்கா, டாஸ்மேனியா, நியூசிலாந்து என்று தென்கோளத்தைச் சுற்றி இருக்கிறது. கண்டங்கள் பிரிந்த காலத்துக்கு வெகு பின்னால்தான் இவை ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்தன என்று 2016இல் காட்டினார்கள். அப்படியானால் கடல் வழியாக மிதந்துதான் போயிருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் கரையோரம் வாழும் ஒரு பொறிக்கதவுச் சிலந்திக்கும் நெருங்கிய உறவினர் எல்லாம் ஆப்பிரிக்காவில்தான். அந்த ஆய்வு 2017இல் வந்தது. இழை பூசி, மூடி போட்ட வளை; இந்தியப் பெருங்கடலைத் தாண்ட அது போதுமானதாக இருந்திருக்கிறது.

ஓடைப்பக்கம் (முட்டல்)

பாடகர் பாப் மார்லி பெயரில் ஒரு கடலோரச் சிலந்தி உண்டு என்று படித்தேன். உண்மையா, வாட்ஸ்அப்பா?

வகைப்பாட்டுக்காரன்

உண்மை. டெசிஸ் பாப்மார்லியி. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் போர்ட் டக்ளஸ் கரையில் மூளைப் பவளத்தின் மேல் 2009இல் பிடிபட்டது, 2017 டிசம்பரில் பேர், ரேவன், ஹார்ம்ஸ் மூவரும் பெயரிட்டார்கள். கடல் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் ஒரு பாடலை அவர் பாடியதால் அந்தப் பெயர். பெண் சிலந்தி 9 மில்லிமீட்டர், ஆண் 6 மில்லிமீட்டர் அளவு.

அம்மாப்பேட்டை அப்பா

அனைவருக்கும் நன்றி. முழு இழையையும் அவளே படித்துவிட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறாள். தலைப்பு மாறவில்லை. சேப்பங்கிழங்கு இலைக்கு என் மனைவி கடைவீதிக்குப் போயிருக்கிறார்.

அடுத்த அமாவாசைக்கு அப்பாவுக்குத் திதி கொடுக்க இராமேசுவரம் போகிறோம். அங்கே இதை நேரில் பார்க்க வழியுண்டா? ஒன்றைப் பிடித்துக் குப்பியில் போட்டுக் கொண்டுவரலாமா என்று மகள் கேட்கிறாள்.

மண்டபத்து மருமகள் (சேலம்)

குப்பி வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா; வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது, எதையும் எடுக்கவும் கூடாது. கரையிலிருந்தே பாருங்கள்.

அமாவாசைக்குப் போவது நல்லதாகப் போயிற்று, அண்ணா. அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில்தான் கடல் அதிகமாக ஏறி அதிகமாக வற்றும். மற்ற நாளில் மூழ்கியே இருக்கிற கல்லெல்லாம் அப்போது தெரியும். அக்னி தீர்த்தத்தில் கூட்டமும் மணலும்தான், அங்கே தேடிப் பயனில்லை. கல்லும் பவளத் துண்டும் கிடக்கிற கரையாகப் பாருங்கள். வற்றம் எத்தனை மணிக்கு என்று முதல் நாளே மீனவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இருட்டிய பிறகு வற்றுகிற நாளாக அமைந்தால் இன்னும் நல்லது. பிள்ளைக்கு ரப்பர் செருப்பு போதாது, பழைய ஷூ போட்டுவிடுங்கள். கொட்டலசு கிழித்தால் ஆற நாளாகும். தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கினால் உடனே கரைக்கு வந்துவிட வேண்டும்.

பழைய விலங்கியல் (அஸ்தம்பட்டி)

டார்ச்சைத் தரைக்குத் தாழ்த்திப் பிடி, கண்ணு. செத்த பவளத்தின் பொந்திலோ காலிச் சிப்பிக்குள்ளோ வெள்ளையாக, காகிதம் ஒட்டியதுபோல் மூடியிருந்தால் அது கூடாக இருக்கலாம். கிழிக்காதே; அந்த மூடிதான் அதன் உயிர். படம் எடு, பக்கத்தில் அளவுக்கு ஓர் ஒரு ரூபாய் நாணயம் வை. கல்லைப் புரட்டினால் இருந்தபடியே திருப்பி வை. படத்தை இங்கே போடு. வகைப்பாட்டுக்காரர் தாடையை எண்ணிச் சொல்வார்.

வகைப்பாட்டுக்காரன்

தாடை இரண்டுதான், ஐயா, எண்ணத் தேவையில்லை. முகத்தை நேராக எடுத்த ஒரு படமும் மேலிருந்து எடுத்த ஒரு படமும் இருந்தால் டெசிஸ்தானா என்று சொல்லிவிடலாம். கண்கள் தெளிவாக விழட்டும்.